பண்டாரி திரும்பி வருவார் என்பதற்கான ஆதாரம்

முறையாகத் தாக்கலான விசா விண்ணப்பத்துக்குப் பதினைந்து நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. கூடுதல் விசாரணை தேவைப்படும் இனங்களில் நாற்பத்தைந்து நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இடமில்லை. விண்ணப்பதாரர் உயிரோடு இருக்கிறாரா என்ற சந்தேகம் எழுந்தால் எத்தனை நாள் என்று மட்டும் விதி சொல்லவில்லை. எழுதியவர்களுக்கு எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் தெரியாது.

நான் துறைமுக அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு நாற்காலியிலிருந்துதான், படிவங்களிலிருந்து இல்லை. பட்டா மாறுதல், பாஸ்போர்ட், வாரிசுச் சான்று என்று தெருவே என்னிடம் வரும். எனக்குத் தெரியாத படிவம் ஒன்று இருந்தால் அது இன்னும் அச்சாகியிருக்காது என்பாள் என் மனைவி. பாராட்டாகச் சொல்வதில்லை.

பண்டாரி எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர். கப்பல் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். அவர் கப்பலை விட்டு இறங்கிப் பல வருடமாகியும் அந்தப் பெயர் அவரை விட்டு இறங்கவில்லை. சொந்த ஊர் ஆலந்தலை. மீசை முளைத்த காலத்தில் ஊர்க் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். ஒரு நாள் சாயங்காலம் கையில் போனை நீட்டிக்கொண்டே என் வீட்டுக்குள் வந்தார்.

"அண்ணாச்சி, நவம்பர்ல வலென்சியால மேட்சு. ஸ்பெயின் ஆடுது. நாம போறோம்."

"நாமன்னா யாரு வேய்?"

"நானும் நீங்களும்தான். எனக்குப் பேப்பர் தெரியாது, ஒங்களுக்குப் பந்து தெரியாது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு."

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தது கேட்டது. "பந்து எந்தப் பக்கம் போகுதுன்னே தெரியாதவுகளக் கூட்டிட்டுப் போய் என்ன செய்யப் போறிய?" என்றாள்.

"பக்கத்துல உக்கார ஒரு ஆளு வேணும்லா மதினி. கோல் விழுந்தா யாரைக் கட்டிப் புடிக்க?"

வலென்சியா அவருக்குப் புது ஊர் இல்லை. அவர் வேலை பார்த்த கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு அடிக்கடி போகும். மற்றவர்களெல்லாம் கரைக்கு இறங்குவார்கள். பண்டாரி இறங்க முடியாது. திரும்பி வருகிறவர்களுக்குச் சோறு வேண்டும். குசினியின் வட்டச் சன்னல் வழியாக, தூரத்தில் மைதானத்து விளக்குகள் வானத்தை வெளுப்பாக்குவதை மட்டும் பார்த்திருக்கிறார். எத்தனை கோல் என்பதை மறுநாள் தட்டைக் கழுவும்போது கேட்டுத் தெரிந்துகொள்வார்.

"ஒரு தடவை டிக்கெட்டே கையில இருந்திச்சி அண்ணாச்சி. கேப்டனுக்கு விருந்தாளி வாராங்கன்னு என்னைய நிறுத்திப் போட்டாங்க. என் டிக்கெட்டுல ரெண்டாம் எஞ்சினியர் போனான். வந்து, 'ஆட்டம் சுமார்தான்'னு சொல்லுதான். அன்னைக்கு அவன் சோத்துல மட்டும் நான் கல்லு பொறுக்கல."

இவ்வளவு வருடம் கழித்து இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். வேட்டியை ஒதுக்கி முட்டியைக் காட்டினார். "டாக்டர் ஒரு வருஷம் தாங்கும்ங்காரு. பொறவு படியேற முடியாதாம். மேட்சுன்னா படியேறணும்லா. இந்த நவம்பர விட்டா எனக்கு டிவிதான்."

சரி என்றேன். அதற்குப் பிறகு காரியம் என் கைக்கு வந்தது. என் கைக்கு வந்ததுதான் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள். அதை நான் பரிசீலனையில் வைத்திருக்கிறேன்.

ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தோம். கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் இருக்கை வேண்டுமென்று பண்டாரி பிடிவாதம் பிடித்தார். கோல்கீப்பரின் முதுகு தெரிந்தால் போதுமாம். பயணத் திட்டம் கேட்டிருந்தார்கள். முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் ஆட்டம், மூன்றாம் நாள் ஊர் சுற்றிப் பார்த்தல் என்று எழுதினேன். பண்டாரி குறுக்கிட்டார்.

"ஊரெல்லாம் வேண்டாம். துறைமுகத்து கேட்டுக்கு வெளிய நின்னு கப்பலப் பாக்கணும்னு எழுதுங்க. உள்ள இருந்து பாத்தாச்சி."

இப்படி எழுதினால் விசா கிடைக்காது என்று விளக்கி, 'கடற்கரைப் பகுதிகளைப் பார்வையிடல்' என்று மாற்றினேன். அடுத்து அவர் கட்டுச்சோற்றுப் பட்டியல் போட்டார்: சீலாக் கருவாடு, இடித்த மாசிக் கருவாடு, ஒரு சின்ன குக்கர். ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பாலும்தான் கொண்டுபோகக் கூடாது, மீனுக்கு அனுமதி உண்டு. இந்த விதியை நான் அவரிடம் சொல்லவில்லை. விமானத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது.

எல்லாம் ஒழுங்காக வந்து ஓரிடத்தில் நின்றது. ஊருக்குத் திரும்பி வருவோம் என்பதற்கு ஆதாரம் கொடுக்க வேண்டும். எனக்குக் கவலையில்லை, ஓய்வூதிய ஆணை, வீட்டுப் பத்திரம், மனைவி என்று மூன்று இருந்தன. பண்டாரிக்கு ஓய்வூதியம் இல்லை. வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிட்டார். மகன் வளைகுடாவில். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. இவர் ஸ்பெயினிலேயே தங்கிவிட மாட்டார் என்பதற்குக் காகிதத்தில் ஒரு சாட்சியும் இல்லை.

"நான் என்னத்துக்கு வேய் அங்கன தங்கப் போறேன்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். "என் பொண்டாட்டி இங்கன படுத்திருக்கா. பக்கத்துல எனக்கு எடம் போட்டு, கல்லுல பேரும் வெட்டியாச்சி. அத விட்டுட்டு எவனாவது ஊரு மாறுவானா?"

எனக்குள் பழைய கண்காணிப்பாளர் எழுந்து உட்கார்ந்தார். நிலம், பெயர் பொறித்தது, வேறு யாருக்கும் மாற்ற முடியாதது, அனுபவ பாத்தியதை எதிர்காலத்தில். இதைவிட உறுதியான ஆதாரத்தை எந்த விசா அதிகாரியும் பார்த்திருக்க மாட்டார்.

எங்கள் கரையில் இது சாதாரணம். கணவன் மனைவிக்கு ஒரே கல்லறை. முதலில் போகிறவருக்குக் கல் வெட்டும்போதே மற்றவர் பெயரையும் பிறந்த தேதியையும் வெட்டி, ஒரு கோடு போட்டு, இறந்த தேதிக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். பிறகு வெட்டினால் எழுத்து ஒத்துப்போகாது. கீழே 'இங்கே இளைப்பாறுகிறார்கள்' என்று இரண்டு பேருக்கும் சேர்த்து முன்கூட்டியே பொறித்துவிடுவதும் உண்டு. பண்டாரியின் கல்லில் அப்படித்தான் இருந்தது.

மாதா கோவில் பங்கு அலுவலகத்துக்குப் போய்ச் சான்று கேட்டோம். கல்லறை சம்பந்தமாக அங்கே அச்சடித்த படிவம் ஒன்றே ஒன்றுதான். அடக்கச் சான்று. கணக்கப்பிள்ளை அதில் பண்டாரியின் பெயரை எழுதினார், கிழக்கு வரிசை என்று எழுதினார், 'அடக்கம் செய்யப்பட்ட நாள்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டுப் பண்டாரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுல என்ன எழுத?"

"பொறவுன்னு எழுதும்," என்றார் பண்டாரி.

'பின்னர்' என்று எழுதி முத்திரை குத்தினார். நான் வீட்டுக்கு வந்து அதை ஆங்கிலத்தில் பெயர்த்தேன். வெறுமனே 'பின்னர்' என்றால் அலுவலக நடையாகாது. 'அடக்க நாள் பின்னர் அறிவிக்கப்படும்' என்ற பொருளில் எழுதினேன். கல்லின் புகைப்படத்தையும் இணைத்தேன்.

சென்னையில் விண்ணப்ப மையத்தில் இருவரும் நேரில் ஆஜரானோம். என் கைரேகை உடனே பதிவானது. பண்டாரி பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார், இயந்திரம் ஏற்கவில்லை. ஆயுள் முழுக்கச் சூடான சட்டியைத் துணியில்லாமல் இறக்கிய விரல்கள். ரேகை என்று அதில் ஒன்றும் மிச்சமில்லை. 'கைரேகை பெற இயலவில்லை' என்று குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குச் சரியாகப் பதினைந்தாம் நாள் விசா வந்தது. பந்து தெரியாதவனுக்கு.

பண்டாரிக்கு வந்தது ஒரு மின்னஞ்சல். விண்ணப்பதாரரின் தற்போதைய நிலையைத் தெளிவுபடுத்தும்படியும், அவர் சார்பில் விண்ணப்பித்தவர் யாரென்று தெரிவிக்கும்படியும் கேட்டிருந்தார்கள். கடைசி வரியில், குடும்பத்தாரின் துயரத்தில் பங்குகொள்வதாகவும் எழுதியிருந்தது. நாகரிகமான அலுவலகம்.

நான் படித்துக் காட்டியதும் பண்டாரி சிரிக்கவில்லை. "அப்ப மேட்சு?" என்று மட்டும் கேட்டார்.

அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். அடக்கச் சான்று இருக்கிறது, கல் இருக்கிறது, கைரேகை இல்லை.

உயிரோடிருப்பதை நிரூபிக்க வழியா இல்லை என்று கிளம்பினேன். வருடா வருடம் நவம்பரில் நான் செய்கிற காரியம். நேராக என் ஓய்வூதியம் வரும் வங்கிக்கு அவரைக் கூட்டிப் போனேன். மேலாளர் மரியாதைக்காரர்.

"சார், லைஃப் சர்டிபிகேட் பென்ஷனருக்குத்தான். இவருக்குப் பென்ஷன் இல்ல. இவரு உயிரோட இருக்காருன்னு பேங்க் எப்படி சார் சொல்ல முடியும்?"

"நேர்லதான நிக்கேன்!" என்றார் பண்டாரி.

"நிக்கிறீங்க. ஆனா எந்தக் கணக்குல நிக்கிறீங்க?"

கிராம நிர்வாக அலுவலகத்திலும் போய்க் கேட்டோம். அங்கிருந்த உதவியாளர் அலமாரியைத் திறந்தே காட்டினார். இறந்தவர்களுக்கும் வாரிசுகளுக்கும் வகைவகையாகப் படிவம் இருந்தது. சும்மா உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை. பண்டாரி வெளியே வந்து, "ஏதோ செத்தாத்தான் மரியாதை போல," என்று வண்டியில் ஏறினார்.

கடைசியில் நானே ஒரு நடைமுறை வகுத்தேன். கல்லறைத் தோட்டத்தில், அதே கல்லுக்குப் பின்னால், அன்றைய செய்தித்தாளைப் பிடித்தபடி அவரை நிறுத்திப் புகைப்படம் எடுப்பது. இடம், ஆள், தேதி மூன்றும் ஒரே சட்டகத்தில் வந்துவிடும்.

பண்டாரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். பையிலிருந்து லேஞ்சித் துணியை எடுத்து மனைவி பெயர் இருந்த பக்கத்தை முதலில் துடைத்தார், பிறகு தன் பக்கத்தை. நான் போனைத் தூக்கியதும் விறைத்து நின்றார். எடுத்த படங்களைப் பார்த்தால் எல்லாம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு ஆகும் போலிருந்தது. கண் திறந்திருந்த படத்தில் வாய் கோணல். வாய் நேராக இருந்த படத்தில் கண் மூடியிருந்தது.

"கொஞ்சம் உயிரோட நில்லும் வேய்!"

"அப்படித்தான நிக்கேன்!"

அப்போது கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. செய்தித்தாள் அவர் கையைவிட்டுப் பறந்தது. பண்டாரி யோசிக்கவில்லை. கல்லுக்கு மேலே, பக்கவாட்டில், இரண்டு கையையும் நீட்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். தாளைக் காற்றிலேயே பிடித்து, அந்தப் பக்கத்துப் புல்லில் விழுந்து, "ஆலந்தலைக்காரன்லா!" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் முட்டி ஞாபகம் வந்து "ஐயோ மாதாவே" என்றார். என் விரல் எப்போது போனை அழுத்தியதென்று எனக்கே தெரியாது.

வீட்டில் என் மனைவி எல்லாப் படத்தையும் தள்ளிக்கொண்டே வந்து, அந்தப் பாய்ச்சலில் நின்றாள். "இத அனுப்புங்க."

"இது முறையான படம் இல்ல. முகம் பாதிதான் தெரியுது. கால் தரையில இல்ல."

"செத்தவன் இப்படிப் பாயமாட்டான். அவ்வளவுதான அவங்களுக்குத் தெரியணும்?"

வழக்கம்போல ஒரு கவரிங் லெட்டர் வைத்தேன். 'இணைப்பில் காண்பவர் மேற்படி விண்ணப்பதாரரே. அவருக்குக் கீழே காண்பது மேற்படி கல்லறை. அதில் அவர் தற்சமயம் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. நாற்பத்தைந்து நாள் கடந்தது. முதல் நினைவூட்டு அனுப்பினேன், இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன். பண்டாரி தினமும் சாயங்காலம் வந்து உட்காருவார். "வந்துட்டா?" என்று கேட்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். கேட்காமல் உட்கார்ந்திருப்பது இன்னும் தொந்தரவாக இருந்தது.

ஒரு நாள், "நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி. வந்து எத்தனை கோல்னு சொல்லுங்க, போதும்," என்றார். சோற்றில் கல் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கல்லுக்குப் பயந்து மட்டும் இல்லை.

நவம்பர் பிறந்தது. முதல் வேலையாக வங்கிக்குப் போய் நான் உயிரோடிருப்பதைப் பதிவு செய்தேன். மறுநாள் கல்லறைத் திருநாள். கடற்கரை ஊர் முழுவதும் பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கும். பண்டாரி கூப்பிட்டார் என்று நானும் போயிருந்தேன். அவர் கல்லுக்குச் செவ்வந்தி மாலை சாத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"கூரியரா? வீட்டுல யாரும் இல்ல தம்பி. எல்லாரும் கல்லறைத் தோட்டத்துல இருக்கோம். இங்கனயே வந்திரு. கிழக்கு வரிசை."

கூரியர்காரர் நடு வயதுக்காரர். கூட்டத்தில் புகுந்து வியர்வையோடு வந்து சேர்ந்தார். அடையாள அட்டை கேட்டார். பண்டாரி அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கல்லைக் காட்டினார். கூரியர்காரர் உறையில் இருந்த பெயரையும் கல்லில் இருந்த பெயரையும் ஒப்பிட்டார். பிறகு பண்டாரியைப் பார்த்தார்.

"பேரு சரியா இருக்கு…" என்று இழுத்தார்.

"ஆளும் சரியாத்தான் இருக்கேன், குடும்."

கையெழுத்துக்கு முன்னாலேயே உறையைக் கிழித்து, கண்ணாடி இல்லாததால் பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினார். நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். விசா ஒட்டியிருந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாளும் அதில் இருந்தது, மறுநாளும் இருந்தது.

"போலாம் வேய்," என்றேன்.

அவர் என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை. அதைக் கோலுக்கு வைத்திருந்தார் போல. கல்லின் பக்கம் குனிந்து, சரிந்திருந்த மெழுகுதிரியை நிமிர்த்தி வைத்தார். "ஏளா, ஒரு வாரம் போயிட்டு வாரேன். எடத்தப் பாத்துக்க," என்றார்.

கூரியர்காரர் அவசரப்படுத்தினார். ரசீதைக் கல்லின் மேலேயே வைத்துப் பண்டாரி கையெழுத்துப் போட்டார். தேதிக்கான கட்டம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பேனாவை வாங்கி நான்தான் நிரப்பினேன்: நவம்பர் 2.