கூட்டத்துக்கு வந்த ரேடியோக்கள்

போன கிழமை கல்முனையில் சுவர் மணிக்கூட்டுக்குப் பற்றரி வாங்கப் போனேன். பழக்கதோசத்தில், ரேடியோவுக்குப் போடும் பெரிய பற்றரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னை அண்ணன் முறை சொல்லிச் சிரித்தார். "காக்கா, எந்தக் காலத்தில இரிக்கிறீங்க?"

நியாயமான கேள்விதான். நான் பெரிய பற்றரிக் காலத்து ஆள். சாய்ந்தமருதில் கருவாடு காயும் பாயிலேயே ரேடியோப் பற்றரியும் காயும். வெயில் பட்டால் இன்னும் நாலு நாள் உழைக்கும் என்று நம்பிக்கை. நெத்தலி மணக்காத செய்தியைச் சின்ன வயதில் நான் கேட்டதேயில்லை.

அந்த மணம் விடவில்லையோ என்னவோ, முதல் வேலையும் எங்கள் வட்டார வானொலியிலேயே கிடைத்தது. மைக்குக்கு முன்னால் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நேயர்கள் அனுப்பும் போஸ்ட் காட்டுகளை அடுக்குவேன், தேத்தண்ணி ஊற்றுவேன். ஊருக்குள் மட்டும் அறிவிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

யுத்தம் முடிந்த கையோடு, வானொலியை டிஜிட்டலுக்கு மாற்றும் பேச்சு வந்தது. பழைய ரேடியோவில் இனிக் கேட்காதாம், புதியது வேண்டுமாம். ஊராரின் கருத்தைக் கேட்கக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கூட்டத்தை அறிவித்தோம்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஆட்களுக்குக் கூட்டம் என்றால் ஒன்றுதான்: பெயர் பதிகிறார்கள், ஏதோ தரப்போகிறார்கள். அடையாள அட்டை, குடும்ப அட்டை, கிராம அதிகாரியான விதானையாரின் கடிதம், எல்லாவற்றுக்கும் மும்மூன்று போட்டோக்கொப்பி. போதாததற்கு, அத்தாட்சியாக ஆளுக்கொரு ரேடியோவையும் துவாயில் சுற்றித் தூக்கி வந்துவிட்டார்கள். மூடி இல்லாதது, றப்பர் போட்டுக் கட்டியது, ஏரியலுக்குக் குடைக்கம்பி செருகியது.

"நாங்கள் எதுவும் கொடுக்க வரவில்லை, உங்கள் கருத்தைக் கேட்கத்தான் வந்தோம்" என்றார் அதிகாரி.

மீன் வியாபாரம் செய்யும் ஆதம்பாவாக் காக்கா எழும்பினார். "கருத்து நிறைய இரிக்கி சேர். அதுக்கு முதல் பேரப் பதிங்க."

பதியாமல் ஆட்கள் போகமாட்டார்கள் என்று கண்டு, அதிகாரி என்னிடம் எழுத ஒரு கொப்பியைத் தந்தார். பெயர், வீட்டில் எத்தனை ரேடியோ, அவ்வளவுதான்.

வரிசையில் சுகரா ராத்தா வந்தார்; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். எங்கள் வாழ்த்து நிகழ்ச்சிக்கு வாரம் தவறாமல் போஸ்ட் காட் போடுகிறவர். "ரெண்டு" என்றார். கையில் ஒன்றுதான் இருந்தது. "மத்ததையும் காட்டினாத்தான் பதிவன் ராத்தா" என்று பகிடி விட்டேன்.

"மத்தது மகன்ட கையில தம்பி. சுனாமியண்டு காலையில கடக்கரைக்குக் கொண்டு போனவன். அவன் எங்க இரிந்தாலும் அதிலதானே என்ட சலாமக் கேப்பான்? நீங்க மாத்திப் போட்டா அவனுக்கு ஆரு செல்லுற?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய காட்டுகள் எனக்கு மனப்பாடம். முதலில் மகனுக்குச் சலாம், கடைசி வரியில் தாங்கள் இருக்கும் முகாமின் பெயர். வீடு கிடைத்த பிறகு வீட்டு இலக்கமும் அதற்கு வரும் வழியும். அறிவிப்பாளரும் மறுபேச்சில்லாமல் ஒவ்வொரு வாரமும் வாசிப்பார். கொப்பியில் 'இரண்டு' என்று எழுதினேன்.

டிஜிட்டல் எங்கள் பக்கம் வரவேயில்லை. சில வருடங்களில் வானொலியையே மூடிவிட்டார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ராத்தாவின் காட் ஒன்று வந்தது. வீட்டுக்கு மதில் கட்டியாயிற்று, கேட்டுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்திருக்கிறது, மகன் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

ஒலிபரப்பு அதற்கு முதல் நாளே நின்றுவிட்டது.