வாங்காத றிவோல்வரும் என் சாப்பாட்டுப் பையும்

எங்கள் வீட்டில் ஒரு பனிக்காலம் முழுக்க ஒரு றிவோல்வர் இருந்தது. நாங்கள் அதை வாங்கவே இல்லை. ஆனாலும் சாப்பாட்டு மேசையில் இருந்தது, காருக்குள் இருந்தது, சில வேளை கட்டிலில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலும் கிடந்தது. அந்த இல்லாத சாமானுக்காக எத்தனை பேருக்கு எத்தனை கோப்பை தேத்தண்ணி ஊற்றினேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் கணவர் நகை செய்பவர். சனம் அவரைப் பத்தர் என்றுதான் கூப்பிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யுத்தத்தால் ஊரை விட்டு வந்து குடியேறிய ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் சின்னக் கடை ஒன்று போட்டோம். அவர் பின்னால் இருந்து வேலை செய்வார், நான் முன்னால் நின்று ஆட்களைப் பார்ப்பேன். காப்பு, சங்கிலி, தோடு. முகூர்த்த மாதம் வந்தால் தாலி. தாலிக்கு உருக்க வேண்டிய தங்கத்தைச் சனம் தாங்களே கொண்டுவந்து தரும். ஆரோ ஒரு தாய் தன் கையில் கிடந்ததைக் கழற்றித் தந்த தங்கம். அது தொலைந்தால் என்ன பதில் சொல்வது?

கடையில் பெட்டகம் கிடையாது. அதனால் பின்னேரம் கடை பூட்டும்போது இருக்கிற தங்கம் முழுவதும் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அதற்கு இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கள்ளன் பத்தரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், பத்தரின் காரைத்தான் பின்தொடர்வான். ஆகவே பத்தர் வெறுங்கையோடு காரில் போவார். தங்கம் என் சாப்பாட்டுப் பைக்குள், பிட்டுக் கொண்டுபோன பிளாஸ்டிக் பெட்டிக்குக் கீழே, துணியில் சுற்றியபடி என்னோடு பஸ்ஸில் வரும்.

"உம்மை ஆர் பாக்கப்போறான்?" என்றார். மூன்று வருடமாக இதுதான் எங்கள் கடையின் பாதுகாப்பு ஏற்பாடு.

எத்தனையோ நாள் நான் பஸ் தரிப்பிடத்தில் விறைத்துப்போய் நிற்க, அவருடைய கார் சிவப்பு விளக்கில் எனக்கு முன்னால் வந்து நிற்கும். என்னைத் திரும்பியும் பார்க்க மாட்டார். கேட்டால், "ஆக்கள் கவனிப்பினம்" என்பார். பச்சை விழுந்ததும் போய்விடுவார்.

பஸ்ஸில் வேலை முடித்து வருகிற பெண்கள் எல்லாரும் ஏறின கையோடு கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிடுவார்கள். எனக்கும் நாள் முழுக்க நின்று கால் உளைந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் மூன்று வருடத்தில் ஒரு நாளாவது நான் அந்த பஸ்ஸில் கண்ணை மூடியதில்லை. மடியில் பை, பையின் வாரை இரண்டு தரம் மணிக்கட்டில் சுற்றியிருப்பேன். பக்கத்தில் ஒரு பெடியன் வந்து இருந்தால் மூன்றாம் தரமும் சுற்றுவேன். அவன் பாவம், பள்ளிக்கூடம் விட்டு வருகிறவனாக இருப்பான். ஒரு பெட்டகம் வாங்குங்கோ, கடையிலேயே வைத்துப் பூட்டுவோம் என்று நான் கேட்காத மாதம் இல்லை. "பாப்பம்" என்பார். அந்தப் பாப்பம் எனக்குப் பாடமாகிவிட்டது.

ஒரு மார்கழியில் பக்கத்துப் பிளாசா ஒன்றில் நகைக்கடைக்குள் பட்டப்பகலில் மூன்று பேர் சுத்தியலோடு புகுந்து, கண்ணாடியை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். இனியாவது பெட்டகம் வந்துவிடும் என்று நினைத்தேன். இவர் வந்து மேசையில் இருந்து, குரலைத் தாழ்த்தி, "இஞ்சை பாரும், நான் ஒரு றிவோல்வர் வாங்கப்போறன். சின்னன். உடுப்புக்குள்ளை ஒளிச்சு வைக்கிற மாதிரி" என்றார்.

ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் முதல் ஆளாகப் பதுங்குகுழிக்குள், அந்தப் பங்கருக்குள் குதிக்கிறவர் இவர். எனக்கு எப்படித் தெரியும் என்றால், குதித்து விழுந்தது என் காலில்.

அடுத்த நாளே ஆலோசகர் வந்து இறங்கினார். மிசிசாகாவில் இருக்கிற, இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதர். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கழுத்தில் அடையாள அட்டை தொங்குவதால் உலகத்தின் பாதுகாப்பே தன் தலையில் என்ற நினைப்பு. கையில் அமெரிக்கத் துவக்குச் சஞ்சிகை ஒன்று. பக்கம் முழுக்கச் சப்பை மூக்கு றிவோல்வர்கள், பொம்பிளை பார்க்கிற படங்கள் மாதிரி ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்து நின்றன.

"மச்சான், குழாய் ரண்டு அங்குலத்துக்கு மேலை போகக் கூடாது. இருக்கேக்கை குத்தும்."

"அஞ்சு குண்டோ ஆறு குண்டோ?"

"அஞ்செண்டால் மெல்லிசு, வெளியிலை தெரியாது. ஆறெண்டால் ஒரு குண்டு கூட."

"கள்ளர் மூண்டு பேர்தானே வந்தவங்கள்?"

"எல்லாம் படுமெண்டு ஆர் சொன்னது?"

இரண்டு பேரும் இதுவரை ஒரு கல்லெறிந்து மாங்காய்கூட விழுத்தியதில்லை. துவக்கின் பின்னால் நிமிர்ந்து நின்று குண்டைத் தட்டுகிற குதிரை சட்டையில் கொழுவும், ஆகவே குதிரை உள்ளே மறைந்திருப்பதுதான் நல்லது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினார்கள். இடுப்பா கணுக்காலா என்று அடுத்த ஞாயிறு. கணுக்கால் என்றால் பனிச் சப்பாத்துக்குள் எப்படி என்று நான் தேத்தண்ணியோடு நின்று கேட்டேன். "தங்கச்சி, உது உங்களுக்கு விளங்காது" என்றார் ஆலோசகர். மெத்தச் சரி, அண்ணை.

பிறகு ஒத்திகை. இவர் விளையாட்டுக் கடையில் பச்சை நிறத் தண்ணித் துவக்கு ஒன்று வாங்கிவந்தார். அதற்குச் சப்பாத்துக்குப் பூசுகிற கறுப்பு மையைப் பூசினார். பாரம் காணாது என்று உள்ளே ஈயத் துண்டுகளை வெட்டி அடைத்து, தங்கம் நிறுக்கிற தராசில் வைத்துச் சஞ்சிகையில் போட்ட நிறைக்குச் சரியாகக் கொண்டுவந்தார். தங்கக் கணக்கில் ஐம்பத்து மூன்று பவுண், சொச்சம் மஞ்சாடி. சனத்தின் சங்கிலிகள் முடியாமல் கிடக்க, என் வீட்டு மனுஷன் தண்ணித் துவக்குக்கு மஞ்சாடிக் கணக்குப் பார்த்தார்.

கடைக்குள் பனி ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு அதை உருவிப் பழகினார். முதலில் கையுறையைக் கழற்ற வேண்டும். பிறகு ஸிப். ஸிப் பாதியில் இறுகும். அதற்குள் ஸ்வெற்றர். ஸ்வெற்றருக்குள் சேட். பக்கத்துப் புடைவைக் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அதுவரைக்கும் கள்ளன் நிப்பானா?" என்று கேட்டார். "அவனுக்கும் ஒரு பிளேன்ரீ ஊத்திக் குடுத்தா ஒருவேளை நிப்பான்."

நான் சிரித்த சிரிப்பில் இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

தை மாதம் ஒரு பொன்னுருக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டில் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் முன்னால் தாலிக்குரிய தங்கத்தை உருக்குகிற சடங்கு. ஸ்காபரோவில் அதைப் பதினோராம் மாடி அப்பாட்மென்டில், புகைமணியைப் பிளாஸ்டிக் பையால் கட்டி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். இவர் பட்டு வேட்டியோடு வந்தார். கும்பத்துக்கு முன்னால் சம்மணம் கொட்டி இருந்தார். அடுப்பை மூட்டக் குனிந்தார். வேட்டிக்குள்ளிருந்து ஐம்பத்து மூன்று பவுண் நிறையில் ஒரு சாமான் டக்கென்று விழுந்து, தேங்காய்க்குப் பக்கத்தில் போய்ப் படுத்தது.

எனக்கு உயிர் போய்விட்டது. வீட்டில் பழகுகிறார் என்று தெரியும். வேட்டிக்குள் வைத்துக்கொண்டு மங்கல காரியத்துக்கே வருவார் என்று ஆர் கண்டது?

"பத்தர், உதென்ன?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"அது... ஊதுகுழல்."

"விசை வைச்ச ஊதுகுழலோ?" என்றார் தகப்பன்.

தங்கம் உருகியது. நல்ல நேரம் தப்பவில்லை. இவருடைய வேட்டியில் கறுப்பு மை மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால், நான் செருப்பைக் கழற்ற முன்னரே ஒரு அன்ரி காதுக்குள் கேட்டார்: "பத்தரிட்டைச் சாமான் இருக்காம், உண்மையே?" ஒருவருக்கும் தெரியாமல் ஒளித்துக்கொண்டு திரிய வேண்டிய றிவோல்வர் வாங்கும் முன்னமே ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிட்டது. இவருக்கு அதிலும் கொஞ்சம் பெருமை. கடைக்கு வருகிறவர்கள் இடுப்பைப் பார்த்தால் ஜக்கெற்றை ஒரு இழுப்பு இழுத்து விடுவார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. துவக்கு வாங்க அனுமதிப் பத்திரம் வேண்டும், அதற்கு வகுப்புக்குப் போக வேண்டும். சனி ஞாயிறு கடையை என் தலையில் கட்டிவிட்டு வகுப்புக்குப் போனார். ஞாயிறு பின்னேரம் முகம் தொங்க வந்தார்.

"துவக்கை வீட்டிலை சும்மா வைக்கேலாதாம். குண்டைக் கழட்டி, துவக்கைப் பூட்டி, ஒரு இரும்புப் பெட்டிக்குள்ளை வைக்க வேணுமாம். சட்டமாம்." பிறகு கொஞ்சம் தெளிந்து, "ஒரு நல்ல பெட்டகமாய்ப் பாக்க வேணும்" என்றார்.

நான் அப்பொழுது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். மூன்று வருடம். சனத்தின் தாலித் தங்கத்துக்கு இல்லாத பெட்டகம், என் உயிருக்கு இல்லாத பெட்டகம், இன்னும் வாங்காத துவக்குக்கு உடனே வேண்டும். எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அழுதால் அதற்கும் ஒரு விளக்கம் சொல்வார் என்று எழும்பிப் போய் முகம் கழுவினேன்.

விண்ணப்பத்தை ஆலோசகரும் இவருமாக நிரப்பினார்கள். மனைவியின் ரெலிபோன் இலக்கம் கேட்டிருந்தது. சும்மா ஒரு சம்பிரதாயம் என்றார்கள். மூன்று கிழமை கழித்து, இவர் கடைக்கு வேண்டிய சாமான் வாங்கப் போயிருந்த நேரம், பொலிஸில் இருந்து ஒரு பெண் கடைக்கு ரெலிபோன் எடுத்தாள். என் இங்கிலீசு அவளுக்குப் போதுமாக இருந்தது. பொறுமையாகவே கேட்டாள்.

உங்கள் கணவருக்குக் கைத்துவக்கு எதற்கு?

கடையில் இருந்து வீட்டுக்குத் தங்கம் கொண்டுபோகும்போது பாதுகாப்புக்கு.

தங்கத்தை ஆர் கொண்டுபோகிறது?

நான்.

எதில்?

பஸ்ஸில்.

அப்பொழுது அவர் எங்கே இருப்பார்?

காரில். முன்னுக்கே போய்விடுவார்.

பிறகு, "அப்படியென்றால் துவக்கு ஆரைக் காப்பாற்ற?" என்று கேட்டாள். அந்த மூன்று மாதமும் எங்கள் மேசையைச் சுற்றி இருந்து பேசிய ஒருவரும் கேட்காத கேள்வி அது. இவ்வளவு வாயடிக்கிற நானும் கேட்கவில்லை.

அவள் மேலே சொன்னாள்: உடுப்புக்குள் வைத்துக்கொண்டு தெருவில் திரிய இவருக்கு அனுமதி கிடைக்கவே கிடைக்காது, அப்படிப்பட்ட குட்டைக் குழாய்த் துவக்குகளையே தடுக்கச் சட்டம் வரப்போகிறது என்ற கதையும் இருக்கிறது. கடைசியாக, எல்லா மனைவிமாரிடமும் கேட்கிற கேள்வி போல, "உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்றாள். இவரிடம் துவக்கு இருந்தால் பயமா என்பதுதான் அவள் கேட்டது. எனக்கு அது விளங்கியது. ஆனாலும் நான் பஸ்ஸுக்குத்தான் பதில் சொன்னேன்.

"ஓம். ஒவ்வொரு நாளும்."

அன்று பின்னேரம் கடை பூட்டும்போது சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்தேன். பிட்டுப் பெட்டியை மட்டும் வெளியே எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன்.

"இண்டைக்கு நீங்கள் கொண்டுவாங்கோ."

"நானோ? தனியவோ?"

"உங்களை ஆர் பாக்கப்போறான்?"

நான் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தேன். எங்கள் வீட்டுக்குக் காரில் பத்து நிமிடம். அவர் வந்து சேர இரண்டு மணித்தியாலம் ஆனது. அந்தக் குளிரிலும் சேட் வியர்வையில் நனைந்திருந்தது. வெளிக்கிட்ட உடனே ஒரு வெள்ளைக் கார் பின்னால் வந்ததாம். அதைத் தப்ப நெடுஞ்சாலையில் ஏறி, கிழக்கே விட்பி வரைக்கும் போய், ஆரோ முன்பின் தெரியாத ஆட்களின் புது வீட்டுக்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டுக் காருக்குள் இருந்திருக்கிறார். வெள்ளைக் கார் எப்போதோ வேறு பக்கம் திரும்பிவிட்டதாம்.

பையை மேசையில் வைத்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நல்லா வேணும் என்றும் இருந்தது.

"இதோடையோ நீர் ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலை வந்தனீர்?" என்றார்.

நான் சோற்றைப் போட்டேன்.

அந்தக் கிழமையே பெட்டகம் வந்தது. நாலு பேர் தூக்கிவந்து கடையின் பின்னறையில் வைத்துச் சீமெந்தோடு சேர்த்து இறுக்கினார்கள். ஆலோசகர் அந்த ஞாயிறு சஞ்சிகையோடு வந்தார், தேத்தண்ணி முடிந்துவிட்டது என்று சொன்னேன். தண்ணித் துவக்கில் இருந்த ஈயத்தை இவர் திரும்பத் தோண்டி எடுத்தார்.

பெட்டகம் வந்த அன்று பின்னேரம் நான் வெறும் பிட்டுப் பெட்டியோடு பஸ்ஸில் ஏறினேன். யன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணாடி குளிர்ந்தது, தலையைச் சாய்த்தேன். சாரதி வந்து தோளில் தட்டும்போது பஸ் கடைசித் தரிப்பிடத்தில் நின்றது, என் வீட்டைத் தாண்டிப் பதினைந்து தரிப்பிடம் போயிருந்தேன்.