வட்டத்தில் உங்கள் எண் இரண்டு

சின்ன விமானங்களுக்கு நடுவில் இடைவெளி விடவைப்பதுதான் என் தொழில். சங்கரன்கோவிலுக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. அதன் கண்ணாடிக் கூண்டில் மைக்கோடு உட்கார்ந்திருக்கிறேன். பறக்கப் பழகுகிறவர்கள் மேலே ஏறி, ஓடுபாதையை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவார்கள். யார் முதலில், யார் அடுத்து என்று நான் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்காத கூட்டத்தோடு மாரடிக்கிறவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

மழை பார்த்தவன்

ஐப்பசியில் காற்று கிழக்கிலிருந்து வரும். காற்றை எதிர்த்துத்தான் ஏறி இறங்க வேண்டும் என்பதால், அப்போது சுற்றின் ஒரு பக்கம் முழுக்க மேற்கே மலையைப் பார்த்துப் பறக்க வேண்டும். கடையநல்லூர் யூசுப் தனியாகப் பறக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போனான். பின்னால் வந்தவரிடம் முன்னால் போகிறவரைத் தொடரச் சொல்லியிருந்தேன். அவரும் சொல் தட்டாமல் கூடவே போனார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் இரண்டும் வெள்ளைப் புள்ளிகளாகிவிட்டன. நாலாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் யூசுப் திரும்பினான்.

திட்டுவதற்குத் தயாராக இருந்தேன். இறங்கி வந்தவன் கண்ணில் இன்னும் மலை இருந்தது. "மலையில மழ இறங்கிட்டிருந்துச்சு மேடம். நம்ம ஊருக்கு வருதான்னு பாத்துட்டே போயிட்டேன்."

கரிவலத்து அண்ணாச்சி

கரிவலம்வந்தநல்லூர் விவசாயி ஒருவர் படியேறி வந்தார். அவர் தொழுவத்துக்கு மேலேதான் எல்லா விமானமும் திரும்புகிறதாம். பசு இன்றோ நாளையோ கன்று போடும், மிரளுகிறது என்றார். பயிற்சியாளர்களிடம் கேட்டு இரண்டு நாள் சற்றுத் தள்ளித் திருப்ப ஏற்பாடு செய்தேன். அவர் உடனே போகவில்லை. கண்ணாடி வழியாக, மூன்று விமானங்கள் சத்தமில்லாமல் மிதந்து வருவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு எடம் விட்டுப் போகுது. ராஜபாளையம் பஸ்காரங்களுக்கும் நீங்க ஒரு வார்த்த சொல்லப்பிடாதா தாயி?"

நிழல்

ஒரு நாள் உச்சிவெயில். மேலநீலிதநல்லூரில் ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண் முத்துமாரி தனியாக இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரும்படி மூத்த பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தேன். அவரோ, முன்பே தரையிறங்கிவிட்ட வேறொரு விமானத்தைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, நேரே அவள் தலைக்கு மேல் வந்துவிட்டார். அவர் விமானத்தின் இறக்கை அவருக்குக் கீழே, அவளுடையது அவளுக்கு மேலே. ஒருவரை ஒருவர் பார்க்க வழியே இல்லை. என் பைனாகுலரில் இரண்டு விமானம் ஒன்றாகிக்கொண்டிருந்தது.

நான் பேசுவது இருவருக்கும் கேட்கும்; மேலே போங்கள் என்று வெறுமனே சொன்னால் அவளும் ஏறிவிடுவாள். அவருடைய விமான எண்ணை மட்டும் இரண்டு முறை சொல்லி உடனே ஏறச் சொன்னேன். அவளை அப்படியே இறங்கச் சொன்னேன். என் குரல் யாருடையதோ போலக் கேட்டது. இரண்டு நொடி எதுவும் மாறவில்லை. பிறகு, ஒன்று மெல்ல இரண்டாகப் பிரிந்தது.

பயிற்சியாளர் கூண்டுக்கு ஏறி வந்து, என் பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தார். பின்னாலேயே முத்துமாரி வந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எறங்கையில விமானத்து மூக்கு மேல நிழல் விழுந்துச்சுக்கா. மேகமாக்கும்னு நெனச்சேன். செத்த நேரம் குளுகுளுன்னு இருந்துச்சு."

வீட்டில் இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்வதற்காக, நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசுகிற தொழில் இது.