சேருக்கு மறுபேச்சு

திரையில் ஆசிரியரின் முகம் தெரிந்ததும் கீர்த்திகா எழுந்து நின்றுவிடுவாள். ஜேர்மனியிலிருந்து ஜேர்மன் மொழிப் பாடம் எடுக்கும் யோனாஸுக்கு அப்போது அவளுடைய சட்டைப் பொத்தான்கள்தான் தெரியும். இருக்கச் சொல்லி அவன் கெஞ்சிய பிறகே கதிரை நுனியில் அமர்வாள். அவளைவிட அவனுக்குப் பத்து வயது குறைவு.

“பேர் சொல்லிக் கூப்பிடட்டாம்,” என்று கணவன் பிரவீணனிடம் முறையிடுவாள். “படிப்பிக்கிற ஆளை எப்பிடியப்பா வாய் கூசாமல் பேர் சொல்லுறது? நான் சேர் எண்டுதான் சொல்லுவன்.”

தெல்லிப்பழையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் தாதி. பலே கெட்டிக்காரி. டொக்டர் மருந்தின் அளவை மாற்றி எழுதிவிட்டால், பிழை என்று வாய் திறக்கமாட்டாள். அட்டையைத் திரும்ப அவர் முன்னால் வைப்பாள். “டொக்டர், இதை ஒருக்காப் பாக்கிறீங்களோ?” என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்பாள். அவர் பார்ப்பார், திருத்துவார். நோயாளி தப்புவார், டொக்டரின் மானமும் தப்பும்.

இந்தச் சாமர்த்தியம் ஜேர்மன் வகுப்பில் எடுபடவில்லை. யோனாஸ் வேண்டுமென்றே எதையாவது பிழையாகச் சொல்லிவிட்டு, யார் மறுக்கிறார்கள் என்று பார்ப்பான். கீர்த்திகா பவ்வியமாகத் தலையாட்டுவாள். இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று பேச்சுச் சோதனையில் இரண்டு தரம் விழுத்திவிட்டான்.

“எனக்கு எல்லாம் விளங்கினது. அதுக்காக முகத்துக்கு நேரை பிழை எண்டு சொல்லுறதே?”

இந்த முறையும் தேறாவிட்டால், ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கென்று வைத்திருக்கும் வேலை இன்னொருத்திக்குப் போய்விடும். அந்த வேலையை நம்பித்தான் வீடே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.

நேற்றுக் கடைசிச் சோதனை. யோனாஸ் மருத்துவராக நடித்தான். நான்கு யூனிற் இன்சுலின் போட வேண்டிய கிழவிக்கு நாற்பது போடச் சொன்னான். கீர்த்திகா தனக்குத் தெரிந்த வழியையே பிடித்தாள்.

“மருத்துவரே, ஒருமுறை பார்க்கிறீர்களா?” என்று ஜேர்மன் மொழியில் கேட்டாள்.

“பார்த்துவிட்டேன். நாற்பது.”

பக்கத்து அறையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்த பிரவீணன் அப்படியே நின்றான்.

“போடுவீர்களா, மாட்டீர்களா?” யோனாஸின் குரல் உயர்ந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இல்லாத அந்தக் கிழவி கண்ணுக்குள்ளே வந்து படுத்துக்கொண்டாள்.

“மாட்டேன். நீங்கள் சொல்வது பிழை.”

யோனாஸ் முகமெல்லாம் சிரிப்பாகக் கைதட்டினான். கீர்த்திகா கண்களை இறுக மூடிக்கொண்டு, உள்ளங்கையால் கமராவைப் பொத்தியிருந்தாள்.