யோசுவா வரவில்லை என்று எழுதினேன்

1. ஒரு வரி

"அவர் தம் மகளைத் தேடி வரவில்லை." என்னுடைய வேலைக் காலத்தில் நான் எழுதின ஆக மோசமான வசனம் இதுதான். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத பிரெஞ்சில் எழுதியிருந்தேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மொன்றியலில், பழைய துறைமுகப் பக்கம், மூன்றாம் மாடியில் ஒரு சின்னக் கந்தோர். ஆட்கள் வந்து தங்கள் பூட்டன் யார், பூட்டனுக்குப் பூட்டன் யார் என்று கேட்பார்கள். நாங்கள் தேவாலயப் பதிவேடு, நோட்டரிப் பத்திரம், காணிப் பதிவு எல்லாவற்றையும் கிண்டி, ஒரு அறிக்கை எழுதிக் கொடுப்போம். நான் யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில் இருந்தவள். கோழி கிண்டின மாதிரிக் கிடக்கும் பழைய காணி உறுதிப் பத்திரங்களை வாசித்துப் பழகின கண். இங்கே வந்து சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருசம் மருந்துக் குளிசைப் பெட்டி அடுக்கினேன். பிறகு இந்த வேலைக்கு ஆள் தேவை என்று அறிந்து போனேன். எங்கள் பொறுப்பாளர் மடாம் சோலாஞ் ஒரு பழைய பதிவேட்டுப் பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார். என் பிரெஞ்சு அப்போது அரைகுறை. எழுத்தெழுத்தாக முழுவதையும் வாசித்து முடித்தேன். விளங்காமலே சரியாக வாசிக்கிற ஆளை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டார். இவர்கள் பிரெஞ்சில் கதைத்ததை எல்லாம் நான் எங்கட தமிழிலேயே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

லுசியேன் வந்தது நான் வேலைக்குச் சேர்ந்து கன காலத்துக்குப் பிறகு. எழுபது வயது, மெட்ரோ ரயில் திருத்துகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சப்பாத்துப் பனியைத் தட்டாமல் உள்ளே வந்ததில் எனக்கு அவரை முதலில் பிடிக்கவில்லை. அவருடைய வம்சத்தில் ஒரு ஆங்கிலேயப் பெண் பிள்ளை இருந்தாள். பெயர் மேர்சி. முன்னூறு வருசத்துக்கு மேல் இருக்கும். ஒரு சண்டையில் இங்கத்தைப் பிரெஞ்சுப் படை ஆட்கள் தெற்கே நியூ இங்கிலாந்துக் கிராமமொன்றைக் கொளுத்தி, ஏழு வயதில் அவளைப் பிடித்து மொன்றியலுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். இங்கே கத்தோலிக்கப் பிள்ளையாக வளர்ந்து, இங்கேயே கலியாணம் கட்டி, லுசியேன் வரைக்கும் சந்ததி வந்துவிட்டது. அவளுடைய தகப்பன்தான் யோசுவா. மதத்துக்காகக் கடல் தாண்டி அமெரிக்கக் கரையில் முதன்முதல் குடியேறின பியூரிட்டன் ஆட்களின் பேரன். நத்தாரைக் கூடக் கொண்டாடாத கடும் போக்கான சனம்.

லுசியேனுக்கு யோசுவாவின் காணி, பூமி ஒன்றும் தேவையில்லை. ஒரே ஒரு கேள்விதான். அந்த மனிதர் மகளைத் தேடினாரா, கைவிட்டாரா? கைவிட்டார் என்றுதான் அவருடைய குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"என்ர அப்பா எனக்கு நாலு வயசில விட்டிட்டுப் போனவர். நான் என்ர மகளை ஆறு வயசில விட்டிட்டுப் போனனான். அவள் இப்ப ஒட்டாவாவில. இருபத்திரண்டு வருசமாக் கதை பேச்சு இல்லை. இது எங்கட ரத்தத்தில இருக்கோ எண்டு பாக்கத்தான், மடாம்."

தேடினேன். யோசுவாவின் ஊர்ப் பதிவில் மனைவி அந்தத் தாக்குதலில் செத்தது இருந்தது. அதற்குப் பதினோராம் மாதம் அவர் இரண்டாம் கலியாணம் செய்ததும் இருந்தது. மொன்றியல் பதிவேட்டில் மேர்சிக்கு மரி-அன் என்று புதுப் பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தது இருந்தது. பிடிபட்டுத் திரும்பிப் போனவர்களின் பட்டியலில் அவள் இல்லை. பிள்ளைகளை மீட்க வந்தவர்களின் பெயர்களில் யோசுவா இல்லை. பதினோரு மாதம் என்றதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வசனத்தை எழுதினேன்.

லுசியேன் அறிக்கையை வாசித்தார். அழவில்லை, கோபப்படவில்லை. "தெரியும்" என்றார். ஒரு பாரம் இறங்கின ஆள் மாதிரி நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

பின்னேரம் மடாம் சோலாஞ் பிரதியை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வரவில்லை என்று எந்தக் கடதாசியில் இருக்கிறது என்று கேட்டார். வந்ததாக ஒரு கடதாசியிலும் இல்லை என்றேன். அது வேறு, இது வேறு என்றார். நான் விடவில்லை, பதினோரு மாதத்தில் மறு கலியாணம் கட்டின மனிதன் பிள்ளையைத் தேடியா இருக்கப் போகிறான் என்று வாய் காட்டினேன். மனிசி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு இந்த மனிசனிலயோ கோவம், வேற ஆரிலயுமோ?"

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் பஸ் எடுத்துவிட்டேன்.

2. அலுவல் நடக்குது

கோபம் என் மனுசனில். மறைக்க என்ன இருக்கிறது?

இவர் அகதியாக முதலில் கனடா வந்தவர். கைக்குழந்தையோடு நான் யாழ்ப்பாணத்தில் ஏழு வருசம் இருந்தேன். ஸ்பொன்சர் செய்து கூப்பிடுகிறேன் என்று போனவருடைய கடிதத்தில் எப்போதும் இரண்டு வரிதான் இருக்கும். "நான் சுகம். அலுவல் நடக்குது." என்ன அலுவல், எங்கே நடக்கிறது, ஒன்றும் இல்லை. அங்கே ஒருத்தியை வைத்திருக்கிறாராம் என்று ஊர்ச் சனம் என் காதுபடவே கதைத்தது. நான் நம்பவில்லை என்று சொன்னால் பொய். பாதி நம்பினேன். இங்கே வந்து சேர்ந்த பிறகு அப்படி ஒருத்தியும் இல்லை என்று தெரிந்தாலும், அந்த ஏழு வருசத்தை நான் கீழே வைக்கவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்று அவர் சொன்னாலும் சண்டை ஏழு வருசத்தில்தான் போய் முடியும்.

அறிக்கை கொடுத்த அதே கிழமை இவருக்குப் பென்சன் விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது. டோர்வலில் விமானத்துக்குச் சாப்பாடு ஏற்றுகிற வேலை, முதுகு போய்விட்டது. கனடா வந்த திகதிக்கு ஒரு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டு அலுமாரித் தட்டின் உச்சியிலிருந்து பழைய ஃபைல் ஒன்றை இறக்கினேன். நான் வந்த புதிதில் கண்ட ஃபைல்தான். அப்போது எனக்கு இங்கிலிஷும் ஓடாது, பிரெஞ்சும் ஓடாது. திறந்து பார்க்கவில்லை.

உள்ளே முழுவதும் அவர் எழுதின கடிதங்களின் போட்டோக் கொப்பி. குடிவரவுக் கந்தோருக்கு, எம்.பி.க்கு, ஒரு பாதிரியாருக்கு, திரும்பவும் குடிவரவுக் கந்தோருக்கு. இருபத்தாறு கடிதம். உடைந்த இங்கிலிஷ். ஒன்றில் எழுதியிருந்தார்: நான் வெளிக்கிடும்போது என் மகளுக்கு ஒரு வயது, இப்போது ஐந்து, டெலிபோனில் என்னை எந்த மாமா என்று கேட்கிறாள், தயவுசெய்து என் விண்ணப்பக் கோவையைப் பாருங்கள்.

நிலத்தில் குந்தியிருந்து இருபத்தாறையும் வாசித்தேன். இதையெல்லாம் ஏன் எனக்கு எழுதவில்லை என்று அவரிடம் கேட்டேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"சொல்லி என்ன? ஒண்டும் சரிவரேல்லைத்தானே. அலுவல் நடக்குது எண்டு எழுதினனான்தானே."

எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். கேளாமலே தேத்தண்ணி வந்ததும் மனிசனுக்குப் பயம் வந்துவிட்டது. ஏதும் சுகமில்லையோ என்று கேட்டார்.

படுக்கும்போதுதான் எனக்கு விசயம் ஓடி வெளித்தது. இந்த மனிதர் எங்களுக்காகப் பட்ட பாடு எங்கள் குடும்பத்துக் கடிதம் ஒன்றிலும் இல்லை. எல்லாம் கந்தோர்க் கடிதத்தில் கிடந்தது. நானோ யோசுவாவைக் கலியாணப் பதிவிலும் ஞானஸ்நானப் பதிவிலும் தேடிவிட்டுக் கடையைப் பூட்டிவிட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவன் முதலில் யாரிடம் போவான்? அரசாங்கத்திடம் மனுக் கொடுப்பான். ஒரு அகதியின் மனைவியான எனக்கு இது தெரியாமல் போனதை நினைக்க வெட்கமாக இருந்தது.

3. ஐந்தாவது பெயர்

காலையில் மடாம் சோலாஞ்சிடம் போய், நான் எழுதினது பிழை, மனுக்களைப் பார்க்க விடுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் தந்தார். முதலே சொன்னேனே என்று குத்திக் காட்டவில்லை. அதுதான் அந்த மனிசியின் பெருந்தன்மை.

நியூ இங்கிலாந்துக் குடியேற்ற அரசுக்கு வந்த மனுக்களை அமெரிக்காவில் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். யோசுவாவின் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. இன்டெக்ஸ் எடுத்தவர்கள் ஒவ்வொரு மனுவிலும் முதல் கையெழுத்தை மட்டும்தான் பதிந்திருந்தார்கள். ஆகவே இன்டெக்ஸை விட்டுவிட்டு, அந்தக் காலத்து மனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து கடைசிக் கையெழுத்து வரைக்கும் பார்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், கையில் கடித்த பாணோடு, கண்டேன். ஏழு தகப்பன்மார் சேர்ந்து கொடுத்த மனு. ஐந்தாவது பெயர் யோசுவா. எழுதத் தெரியாது, ஒரு கீறல்தான் போட்டிருந்தார். மறு கலியாணம் முடிந்து இரண்டே மாதத்தில் கொடுத்த மனு.

பிறகு இன்னொன்று, அதில் இரண்டு தகப்பன்மார். கடைசியாக ஒன்று, அதில் யோசுவா தனியே. மற்றவர்கள் செத்தார்களோ, களைத்தார்களோ தெரியாது. யாரையோ பிடித்து எழுதுவித்திருந்தார். வீடு எரிந்த நேரம் இன்னும் மூன்று சின்னப் பிள்ளைகள் இருந்ததாகவும், பார்க்க ஆள் இல்லாமல் மறு கலியாணம் செய்ததாகவும் அதில் இருந்தது. மகள் இப்போது பதினாறு வயதுப் பெண், மொன்றியலில் உயிரோடு இருப்பதாகக் கேள்வி, கைதிகளைப் பற்றிப் பேசப் போகிற தூதரோடு தானும் போக அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார். மனுவின் பின்பக்கத்தில் வேறு கையெழுத்தில் ஒரு சொல்: அனுமதிக்கப்பட்டது.

லுசியேனைக் கூப்பிட்டு மூன்றையும் மேசையில் வைத்து வாசித்தேன். முதலில் என் பிழைக்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இந்த முறை கவனமாகச் சொன்னேன்: "அவர் வந்து சேந்தவரோ எண்டு எனக்குத் தெரியாது. மகளைக் கண்டவரோ எண்டும் தெரியாது. மகள் பிடிபட்டு ஒன்பது வருசத்துக்குப் பிறகும் கேட்டவர். அதுக்குக் கடதாசி இருக்கு."

அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவரோ அந்தக் கீறலின் மேல் விரலை வைத்தார்.

"ரத்தத்தில இருக்கெண்டு சொல்ல எனக்கு ஒரு சாட்டு இருந்தது, மடாம். நீங்கள் அதை எடுத்துப் போட்டியள்."

போகும்போது மகளின் விலாசத்தைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். நாங்கள் செத்தவர்களைத்தான் தேடுவோம், உயிரோடு இருக்கிறவளை நீங்களே தேடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்சம் கடுமைதான். ஆனால் தேடினார். முன்னாள் மனைவியின் தங்கையிடம் பேச்சு வாங்கி விலாசம் எடுத்து, எழுதினார். பதில் இல்லை. திரும்ப எழுதினார். இரண்டாவதில் யோசுவாவின் கதையைச் சேர்த்தாராம்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள், எங்கெங்கே பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். "இல்லை" என்று எழுத உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. அப்படி எழுதக் கை துடித்தால், யாரில் கோபம் என்று ஒருமுறை யோசியுங்கள்.

பனி கரைகிற காலத்தில் லுசியேன் திரும்ப வந்தார். கையில் ஒட்டாவாவிலிருந்து வந்த கடதாசி. மகள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: பிறகு அந்த யோசுவாவுக்கு என்ன நடந்தது? வணக்கமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அதை என் மேசையில் விரித்து வைத்தார்.

"இதுக்கு நான் என்ன பதில் எழுத, மடாம்? பிறகு என்ன நடந்தது எண்டு உங்களுக்கே தெரியாதே."

"தெரியாது எண்டு எழுதுங்கோ," என்றேன். "எழுதிப்போட்டு, நான் வரலாமோ எண்டு மகளைக் கேளுங்கோ."