கண்ணாடியில் ஒட்டிய விவாகரத்து

விளம்பர ஆலோசகரை அழைப்பது என்னுடைய யோசனை அல்ல. என்னோடு அலுவலகத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் நோர்வேஜிய வழக்கறிஞர் ஏதோ ஒரு மதிய விருந்தில் அந்த ஆலோசகனைச் சந்தித்து, அவன் பேச்சில் மயங்கிவிட்டார். அவர் வீடு வாங்கி விற்பதில் வரும் தகராறுகளைப் பார்ப்பவர். நான் பார்ப்பது குடும்ப வழக்குகள்: பிரிவு, பிள்ளைகள் யாரோடு, வீடு யாருக்கு. ஒஸ்லோ நகரின் ஓரத்தில், புருசெத் என்ற பகுதியில் ஒரு கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில் எங்கள் அலுவலகம். பக்கத்தில் தலைமயிர் வெட்டும் கடை, எதிரே பேக்கரி.

வெளியே பனி உறைந்து கிடந்த நாளில், காலுறை போடாமல் சப்பாத்து மட்டும் போட்டுக்கொண்டு அவன் வந்தான். அதற்கு முன் ஒரு பல் மருத்துவமனைக்கும் ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ஆலோசனை சொன்னவனாம். பல் என்று இருந்த இடமெல்லாம் சட்டம் என்று மாற்றிய அறிக்கையைத்தான் எங்களுக்குத் திரையில் காட்டினான். ஒரு பக்கத்தில் 'வலியில்லாத சிகிச்சை' என்பது மாற்றப்படாமலே இருந்தது. அதை நான் சுட்டிக்காட்டியபோது, உவமையாக எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

வழக்கு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் தானாகவே ஒரு குறுஞ்செய்தி போகவேண்டுமாம், எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. பிள்ளையை வார இறுதியில் மட்டும் பார்க்கலாம் என்று தீர்ப்புக் கேட்டுவிட்டு வருகிற தகப்பன் எத்தனை தருவான் என்று கேட்டேன். அவன் உண்மையாகவே யோசித்தான். மூன்று கிடைத்தாலும் பரவாயில்லை என்றான்.

ஒருவர் என்னிடம் வந்தார் என்பதைக்கூட நான் வெளியே சொல்லக்கூடாது, அது சட்டம் என்று விளக்கினேன். அதைக் கவனமாகக் கேட்டு, 'சவால்கள்' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டான்.

ஒருவனை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் இன்னொருவரையும் அழைத்தோம். கணவரின் கணினி வேலையோடு ஒஸ்லோவுக்கு வந்த கோயம்புத்தூர்ப் பெண். புடவைக் கடைகளுக்கு விளம்பரம் செய்தவர். என் ஈழத்தமிழைக் கேட்டு அவரும் அவர் தமிழைக் கேட்டு நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தோம். அவர் திரை எதையும் விரிக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"மேடம், உங்ககிட்ட வர்றவங்க, அவங்க இங்க வந்தது யாருக்குத் தெரியக்கூடாதுன்னு நினைப்பாங்க?"

எல்லாருக்கும் என்றேன். என் சக வழக்கறிஞருக்கு இந்தக் கேள்வி ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. புடவை வேறு, சட்டம் வேறு என்றார். பல் மட்டும் எப்படிச் சட்டத்துக்கு உறவானது என்று அவர் சொல்லவில்லை. காலுறை இல்லாதவனே தேர்வானான். தர்க்கம் பண்ணிக் களைத்து நானும் தலையாட்டினேன்.

சில வாரங்களுக்குப் பிறகு நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்தபோது, எங்கள் கண்ணாடிச் சுவர் முழுக்க முழ உயர எழுத்துகளை ஒட்டியிருந்தார்கள். நோர்வேஜிய மொழியில் ஒன்று, அதன் கீழே ஏதோ இயந்திரம் பெயர்த்த தமிழில்: 'பிரிகிறீர்களா? புன்னகையோடு உள்ளே வாருங்கள்.' பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் என் படம்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கைபேசி அடித்தது. அன்று பின்னேரம் முதன்முறையாகச் சந்திக்க நேரம் கேட்டிருந்த பெண். யாரும் அறியாத இடம் என்று நம்பி, நகரின் வேறொரு பகுதியான வெஸ்ட்லியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர்.

"அக்கா, நான் பேக்கரிக்குள்ளை நிக்கிறன்," என்றார். "உங்கடை கண்ணாடியைப் பாத்தனான். அதுக்குள்ளாலை நான் எப்பிடி வாறது? இஞ்சை எங்கடை சேர்ச் ஆக்கள் ரெண்டு பேர் கோப்பி குடிச்சுக்கொண்டு இருக்கினம்."

"வராதேங்கோ. நூலகத்துக்கு நடவுங்கோ, நான் பின்னாலை வாறன்."

நூலகத்தில் ஆளில்லாத இடம் சிறுவர் பகுதிதான். முழங்கால் நெஞ்சை இடிக்கும் குட்டி நாற்காலிகளில் எதிரெதிரே இருந்து, கிசுகிசுத்த குரலில், பிள்ளைகளின் நிரந்தர வசிப்பிடம் பற்றிய சட்டத்தை அவருக்குச் சொன்னேன். அவர் அழவில்லை. பஞ்சுக் கரடி ஒன்றின் காதைத் திருகியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், தான் பிரிய நினைப்பது கணவருக்குத் தெரியமுதல், சட்டம் தனக்குத் தெரிந்திருக்கவேணும் என்றுதான் வந்ததாகச் சொன்னார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் பக்கத்துக் கடையில் மயிர் உலர்த்தும் கருவியை இரவல் வாங்கினேன். சூடு காட்டக் காட்ட எழுத்துகள் ஒவ்வொன்றாக உரிந்தன. என் சிரிப்பு மட்டும் லேசில் வரவில்லை; நகத்தால் சுரண்டவேண்டியிருந்தது. சக வழக்கறிஞர் வாசலில் நின்று, பார்வைக்குக் கலகலப்பாகத்தானே இருந்தது என்றார். அவரிடம் வருகிறவர்கள் கூரை ஒழுகுகிறது என்று ஊருக்கே சத்தம் போடுகிறவர்கள். அவருக்கு எப்படி விளங்கும்?

ஆலோசகன் தொலைபேசியில் வந்தான். ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், அதுதானே வெற்றி என்றான். பார்க்கிறவர்களோடு எனக்கு வேலை இல்லை, தங்களை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று பயப்படுகிறவர்களுக்காகத்தான் நான் இருக்கிறேன் என்றேன். இது நல்ல வசனம், தான் வேறிடத்தில் பாவிக்கலாமா என்று கேட்டான். அத்தோடு அவனை நிறுத்தினோம்.

கோயம்புத்தூர்ப் பெண்ணை மறுபடி அழைத்தேன். அவரும் மகான் அல்ல. கண்ணைக் கட்டிய நீதிதேவதையைத் தராசோடு வரைந்துகொண்டு வந்தார், எடுக்கச் சொன்னேன். மனமில்லாமல் எடுத்தார். ஆனால் சொன்ன ஆலோசனை எங்கள் தொழிலுக்குப் பொருந்தியது. கதவில் கையகலப் பலகை போதும். இணையப் பக்கத்தில், முதல் சந்திப்பில் என்ன நடக்கும், எதற்கெல்லாம் பெயர் சொல்லத் தேவையில்லை, தொலைபேசி இலக்கத்தை மறைத்து எப்படி அழைக்கலாம் என்று எளிய வசனங்கள். பின்னேரங்களில் பின்வாசல் திறந்திருக்கும் என்று ஒரு வரி. அவர் 'பேசலாம்' என்று எழுதியதை நான் 'கதைக்கலாம்' என்று மாற்றினேன். அதற்கு மட்டும் அரைமணி நேரம் சண்டை பிடித்தோம்.

வெஸ்ட்லிப் பெண் பிறகு பின்வாசலால் பலமுறை வந்தார். நீதிமன்றம் போகாமலே ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். பிள்ளைகள் அவரோடு இருக்கிறார்கள்.

எங்கள் இணையப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சக வழக்கறிஞர் இப்போதும் திங்கட்கிழமைகளில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். போன கிழமை இலக்கம் மறைத்த ஒரு அழைப்பு வந்தது. ஒரு ஆணின் குரல்.

"பேர் சொல்லத்தான் வேணுமோ?"

"தேவையில்லை. கதையுங்கோ," என்றேன்.