செருப்பக் கழத்திட்டு ஏறுத டிரைவர்

சங்கரன்கோவில்ல உச்சிமாகாளின்னு சொன்னா எந்த உச்சிமாகாளின்னுதான் கேப்பாக. செருப்பக் கழத்திட்டு வண்டியில ஏறுத டிரைவர்னு சொல்லிப் பாருங்க, டீக்கடையில இருக்கவன் எந்திரிச்சு வந்து வழி காட்டுவான். ராஜபாளையம் ரோட்டுல எனக்குக் குஷன் கடை. ரிஸ்வான் அகமது கடைன்னா தெரியும். வண்டிக்கு சீட்டு தைக்கிறது, தரைக்கு மேட் போடுறது, தார்ப்பாய் அடிக்கிறது எல்லாம் உண்டு. எத்தனையோ வண்டி வந்து போகுது. அவன் பிக்கப் வந்து நின்னா மட்டும் எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். வண்டியப் பாத்து இல்ல, அவன் காலப் பாத்து.

எண்பதுகள்ல அவுக அப்பா வாங்குன வண்டி அது. எஞ்சின் சூடு முழுக்க டிரைவர் காலுக்குத்தான் வரும். சித்திரை வெயில்ல புளியங்குடியில எலுமிச்ச மூட்டைய ஏத்திட்டு வந்து இறங்குவான், உள்ளங்கால் கருகுன தோசை மாதிரி இருக்கும். செருப்பு ரெண்டும் வெளிய கதவுக் கைப்பிடியில சணல் கயித்துல தொங்கும். "ஏலே கூறுகெட்டவனே, வண்டிக்குள்ள கோயிலா நடத்துத?"ன்னு வைவேன். "கோயில்தான் பாய்"ம்பான். சிரிக்கவும் செய்வான். அந்தச் சிரிப்புல ஒரு சந்தோசமும் இருக்காது.

ஐடிஐ படிச்ச பய. ஓசூர்ல ஒரு கம்பெனியில லேத்து ஓட்டிக்கிட்டு இருந்தான். அவுக அப்பா குருவிகுளம் பக்கம் கடலைக்கொடி ஏத்தப் போனாரு. பிரேக் மிதிக்கிற சந்து வழியா ஒரு பாம்பு உள்ள வந்து கிடந்திருக்கு. வண்டிய எடுக்கும்போது காலக் கொத்திருச்சு. மனுசன் அங்கனயே போயிட்டாரு. வேற எவனோதான் வண்டிய ஓட்டிட்டு வந்து வீட்டு வாசல்ல விட்டான். வண்டிச் சத்தம் கேட்டு சோத்துச் சட்டிய அடுப்புல வச்சிட்டு வெளிய வந்தா அவுக அம்மா கோமதித்தாய். வண்டி நிக்கி, புருசனக் காணோம்.

காரியத்துக்கு வந்த மகன் கையப் பிடிச்சுக்கிட்டு சொல்லிட்டா. "இந்த வண்டி வாசல்ல நின்னா நீயும் நிக்கணும் மக்கா. வெறும் வண்டிய இன்னொரு தரம் என்னால பாக்க முடியாது." சரி, பழைய இரும்புக்குப் போட்டுத் தொலைன்னா அதுக்கும் விட மாட்டா. புருசன் கடைசியா உக்காந்த இடம்லா அது! ஒரு வாரத்துல திரும்பிருவேன்னு வந்தவன், இருபது வருசமா அந்த ஸ்டீரிங்குக்குப் பின்னால இருக்கான்.

செருப்புக் கதைக்கு வாரேன். கோமதியம்மன் கோயில்ல புத்துமண்ணு குடுப்பாக. அது இருக்க இடத்துல பாம்பு அண்டாதுன்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. வீட்டுக்கு வீடு வச்சிருப்பாக, நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இந்தம்மா ஒவ்வொரு ஆடித்தபசுத் திருநாளுக்கும் மண்ண வாங்கிட்டு வந்து, வண்டியில மேட்டத் தூக்கி, அதுக்கடியில பரத்தி விட்டா. சாமி மண்ணு மேல செருப்புக் கால் படலாமா? அதான் பய வெறுங்காலோட ஓட்டுதான்.

இந்த வருசம் அவனுக்கு விடிஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன். ஓசூர்ல கூட வேலை பாத்த ஜெர்சோன் இப்ப சூப்பர்வைசர். "எங்கிட்ட ஒரு இடம் காலியா இருக்குடா. உடனே வந்தா உனக்கு. வயசு ஏறிட்டா பெறவு நானே நெனச்சாலும் எடுக்க மாட்டாங்க"ன்னு போன் போட்டிருக்கான். அதே நேரத்துல பழைய வண்டியா வாங்கிச் சேக்குத கோயமுத்தூர்க்காரன் ஒருத்தன், ஷாஜித்னு பேரு, போட்டோவப் பாத்துட்டு நேர்ல வாரேன்னுட்டான். கழுவித் துடைச்சு நிழல்ல வச்சுக்கிடுவானாம். அதக் கேட்டதும் கோமதித்தாய் எறங்கி வந்துட்டா. "சரி, போகட்டும். நீயும் போ. ஆனா கிழிஞ்ச மேட்டோட அனுப்பாத. உங்கப்பா வண்டி, புதுசு போட்டு அனுப்பு"ன்னுட்டா.

அப்படித்தான் தாயும் மகனும் என் கடைக்கு வந்தாக. பயலுக்குக் காலு தரையில நிக்கல. "பாய், இனி நான் செருப்பு போட்டே சுத்தலாம், பாத்துக்கிடுங்க"ங்கான். எனக்கும் சந்தோசம்தான். புது ரப்பர் மேட்ட அளந்து வெட்டி வச்சிட்டு, பழசப் பிடிச்சு இழுத்தேன். மண்ணோட சேந்து வந்துச்சு. அடியில விரிச்ச சாக்கு மக்கிக் கூழாக் கிடக்கு. மண்ணு அத்தனையும் ஈரம். கட்டியாப் பிடிச்சிருக்கேன்னு ஸ்க்ரூடிரைவர வச்சுக் குத்தினேன். யா அல்லா! சொருக்குன்னு உள்ள போயி அந்தப் பக்கம் வந்துருச்சு. குனிஞ்சு பாத்தா ராஜபாளையம் ரோடு தெரியுது.

வருசா வருசம் போட்ட மண்ணு. ஒவ்வொரு மழைக்கும் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு வச்சிருந்து, தரைத் தகட்ட அரிச்சுத் தின்னுருக்கு.

உச்சிமாகாளி பாத்தான். அம்மாவுக்குக் கேக்காம எங்கிட்ட வந்தான். "பாய், மேல மேட்டப் போட்டு ஒட்டிருங்க. அவன் தூக்கியா பாக்கப் போறான்?"

"ஏலே, என்ன பேச்சு பேசுத? மிதிச்சா எவன் காலாவது போயிரும்ல!"

"பாய்…"ன்னான். அந்த மூஞ்சியப் பாத்துட்டு என்னால வைய முடியல. பசை டப்பாவ எடுத்து, மேட்ட ஒட்டியே விட்டேன்.

கோமதித்தாய் பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. கீழ விழுந்த மண்ண யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னு ஒண்ணு விடாம அள்ளி முந்தியில கட்டுனா.

ஷாஜித் வந்தான். வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தான், பானட்டத் தடவுனான், அம்புட்டு ஆசை. ஷூக் காலோட உள்ள ஏறுறதுக்குக் கம்பியப் பிடிச்சான்.

"தம்பி, அங்கன மிதிக்காதிய!"ன்னு கோமதித்தாய் எந்திரிச்சா.

சாமி மண்ணுக்குத்தான் சொல்லுதான்னு நெனச்சேன். அவ வந்து, நான் ஒட்டுன மேட்ட அவ கையாலயே பிச்சுத் தூக்குனா. "அடி போயிருக்குய்யா. கால் உள்ள போயிரும்."

அவன் குனிஞ்சு பாத்தான். "தரையே இல்லீங்களேண்ணா. ஒரிஜினல் தகடு இருந்தாத்தானுங்க நான் எடுப்பேன்"னான். மரியாதையா கும்பிட்டுட்டுப் போயிட்டான்.

"ஏம்மா சொன்ன? சொல்லும்மா, ஏன் சொன்ன?" உச்சிமாகாளி நடுரோட்டுல நின்னு கத்துனான். அவன் அவுக அம்மாவ எதுத்து ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல.

"அவனும் ஒருத்தி பெத்த பிள்ளதான மக்கா. இந்த வண்டிக்கு ஒருத்தரக் குடுத்தாச்சு, போதாதா?"

பொய் சொல்லியிருந்தா சண்டை போடலாம். கெட்டவளா இருந்தா உதறிட்டுப் போகலாம். அந்தம்மா சொன்னது அத்தனையும் நெசம். அவன் போன எடுத்தான். "இல்ல ஜெர்சோன், எனக்குத் தோதுப்படல. வேற ஆளப் போட்டுக்கோ"ன்னு வச்சிட்டான்.

ரெண்டு கடை தள்ளி வெல்டிங் பட்டறையில புதுத் தகடு அடிச்சான். நான் மேட்டப் போட்டேன். மூல முடுக்கெல்லாம் அளவா உக்காந்துச்சு. அம்புட்டு சுத்தமா நான் எந்த வண்டிக்கும் போட்டதில்ல. எதுக்கு அப்படிப் போட்டேன்னு எம்மேலயே எரிச்சலா வந்துச்சு.

கோமதித்தாய் முந்தியில இருந்த மண்ணக் கடைக்குப் பின்னால வேப்பமரத்து மூட்டுல கொட்டிட்டு வந்தா. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. "பாம்புக்குப் பயந்து எம்மகனையில்லா அடைச்சு வச்சிட்டேன் பாய்"னு அழுதா. பெறவு அவங்கிட்டப் போயி, "இனி மண்ணு வைக்கல மக்கா. செருப்ப மாட்டிக்கிட்டே ஏறு"ன்னா.

அவன் ஒரு காலப் படியில வச்சான். உள்ள கறுப்பா மினுங்குத புது மேட்டப் பாத்தான். செருப்போட ஒரு தரம் ஊனியும் பாத்தான். அப்புறம் இறங்கி, ரெண்டையும் கழத்திக் கைப்பிடிக் கயித்துல மாட்டுனான்.

"பழகிருச்சும்மா"ன்னான். "செருப்போட மிதிச்சா எனக்கு பிரேக்கு எங்க இருக்குன்னே தெரியல."